தாமதச் சக்கரவர்த்தி மெய்க்கீர்த்தி

கிழக்கே கொரட்டூர் ஏரியும் மேற்கே பட்டாபிராமும் தெற்கே செம்பரம்பாக்கமும் வடக்கே புழலும் எல்லையாகக் கொண்டு, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய திருநகரங்களை ஒரு குடைக்கீழ் ஆண்டருளும் ராஜாதிராஜ, ராஜமார்த்தாண்ட, தாமதச் சக்கரவர்த்தி அவர்களின் பொற்பாதங்களுக்கு, அவருடைய குடிகளில் ஒருவனின் தம்பி எழுதிச் சமர்ப்பிக்கும் மெய்க்கீர்த்தி இது.

சோழனுக்கும் பாண்டியனுக்கும் மெய்க்கீர்த்தி எழுதியவர்கள், அவர்கள் எரித்த ஊர்களையும் கவர்ந்த யானைகளையும் எண்ணிச் சொன்னார்கள். எம் மன்னர் எந்த ஊரையும் எரித்ததில்லை. வாளை உருவியதும் இல்லை. "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரு வாய்ச்சொல்லில் ஒரு மனிதனின் இருபது வருடத்தைக் கவர்ந்து கருவூலத்தில் சேர்த்துவிடுவார். பறிகொடுத்தவனுக்கு வலிக்காது, பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் தெரியாது. இத்தனை மென்மையான திக்விஜயத்தைத் தொண்டை மண்டலம் இதற்கு முன் கண்டதுண்டா?

அடியேனின் அண்ணனுக்கு வயது 49. திருமுல்லைவாயிலில் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவருடைய நெஞ்சுக்குள் மன்னர் நடத்திய செங்கோலாட்சியைத்தான் பாட வந்தேன்.

இதயத்தின் இடப்பக்க அறையிலிருந்து உடம்பு முழுவதுக்கும் ரத்தம் புறப்படுகிற வாசலில் ஒரு கதவு இருக்கிறது. அயோர்ட்டிக் வால்வு என்பார்கள். அதற்கு மூன்று இதழ். நூறு பேரில் ஒருவர் இருவருக்குக் கருவிலேயே அது இரண்டு இதழாக அமைந்துவிடும். இதில் மன்னரின் கை இல்லை, பிறவி. இரண்டிதழ்க் கதவும் திறக்கும், மூடும். நிமிடத்துக்கு 70 தடவை என்று வைத்தால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் தடவை. 49 வருடத்துக்கு 180 கோடி தடவை. தேயாதா? தேய்ந்தது. சரியாக மூடாமல் போனது. வெளியே போன ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே திரும்பி விழுந்தது. இந்த இரண்டிதழ்க்காரர்களில் பலருக்கு, வாசலுக்கு மேலே எழும் பெரிய குழாயின் சுவரும் வலுக் குறைந்தே இருக்கும். அயோர்ட்டா என்ற அந்தக் குழாயும் வருடாவருடம் இம்மி இம்மியாக வீங்கிக்கொண்டு வந்தது. இதயமோ திரும்பி விழுந்ததையும் சேர்த்துத் தள்ளுவதற்காகத் தன் அறையைப் பெரிதாக்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் ஓவர்டைம் பார்த்தது. வாயைத் திறக்காமல் உழைக்கிற இப்படிப்பட்ட குடியைத்தான் மன்னருக்கு மிகவும் பிடிக்கும்.

வாயைத் திறக்கவில்லை என்று சொன்னது பிழை, பொறுத்தருள வேண்டும். கசிகிற வால்வு பேசும். ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால், யாரோ உதட்டைக் குவித்து ஊதுவது போல மெல்லிதாக ஒரு சத்தம். லாயென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1816-ல் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டாரே, அன்றிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்க உலகத்துக்குக் காது உண்டு. சின்ன அரசர்களாயிருந்தால் அந்தக் காதைப் பறிமுதல் செய்திருப்பார்கள். எம் மன்னர் அதைக் கழுத்தில் அணியும் ஆபரணமாக உயர்த்தினார்.

அதியமானின் தூதாக வந்த ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு வியந்து பாராட்டியது இந்த மண்டலத்தின் பழங்கதை. போர்க்களம் பார்க்காத, முனை மழுங்காத, மினுமினுக்கும் வேல்களை அந்தப் பெருமாட்டி எவ்வளவு மனதாரப் புகழ்ந்தாள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். இன்று அவள் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் வந்து ஒரு சாயங்காலம் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினால் இன்னொரு பாட்டுப் பாடுவாள். என்ன மினுமினுப்பு! ரப்பர் வெடிக்கவில்லை. தகடு தேயவில்லை. வியர்த்த ஒரு தொழிலாளியின் மார்பில் பட்டுக் கறையானதாக ஒரு ஸ்டெதஸ்கோப்பைக் காட்ட முடியாது.

அண்ணன் இருபது வருடமாகப் போய்வந்த கிளினிக்கின் மேன்மையை எத்தனை சொன்னாலும் தகும். சாயங்காலம் ஆறு மணிக்கு டோக்கன். 47-ஆவது ஆள் உட்காரும்போதே 48-ஆவது ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"என்ன பண்ணுது?"

"மாடி ஏறுனா மூச்சு வாங்குது சார். நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது."

"கேஸ். டைமுக்குச் சாப்பிடறதில்ல."

பேனா அதற்குள் பாதி எழுதி முடித்திருக்கும். சட்டைப் பித்தானைக் கழற்றச் சொல்லி ஓர் உழைப்பாளியின் மானத்துக்கு ஊறு செய்யும் அநாகரிகம் அங்கே ஒருநாளும் நடந்ததில்லை. வாசல் நிலையில் குனிந்து நுழைந்து குனிந்தே வெளியே வந்துவிடலாம். ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை, பஸ் ஏறினால் வீடு.

கேஸ் ட்ரபிள் என்னும் மகாமந்திரியை இந்த இடத்தில் தனியாக வணங்க வேண்டும். மற்ற மந்திரிகளுக்கு ஒரு இலாகா. இவருக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, தோள், இடது கை அத்தனையும். அவர் பெயரைச் சொன்னால் வீட்டில் பயம் போய்விடும். அம்மா ஓமத்தைப் பொரித்துக் கஷாயம் வைப்பாள். அண்ணி பெருங்காயம் போட்ட மோரைக் கரைத்து நிற்பாள். நான் என் பங்குக்கு, "ராத்திரி பரோட்டாவ விடுண்ணா" என்று அறிவுரை சொன்னேன். அந்த அவையில் அடியேனும் ஒரு ஸ்தானாதிபதியாக இருந்திருக்கிறேன். மூச்சடைத்து அவர் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்தார். ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. "கேஸு மேல ஏறுது, அதான் சாஞ்சு படுத்தா நல்லா இருக்கு" என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னோம்.

தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்டு யாரையும் துன்புறுத்துவதில்லை. காய்ச்சல் என்றால் சிப்ரோ ஒரு அட்டை. அந்தக் குடும்பத்து மாத்திரைகள் அயோர்ட்டா வீங்கியவர்களுக்கு ஆபத்து, குழாய் கிழியக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 டிசம்பரில் ஓலை அனுப்பியது. எம் மன்னரின் எல்லைக்காவல் எப்பேர்ப்பட்டது என்றால், அந்த ஓலை இன்றுவரை எங்கள் தெருவுக்குள் நுழையவில்லை.

ரத்த அழுத்தம் பார்க்காமல் விட்டார்களா? பார்த்தார்கள். 160-க்கு 50. மன்னரின் கல்வித்திறம் இங்கேதான் விளங்குகிறது. மேலே உள்ள எண்ணை மட்டும் படிக்கும் கலையை அவர் எங்கள் ஊருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார். 160 அதிகம், ஒரு பிரஷர் மாத்திரை. கீழே 50 என்று ஒன்று நின்றதே, மேலுக்கும் கீழுக்கும் நடுவில் 110 என்று ஒரு பள்ளம் விழுந்து கிடந்ததே, கதவு மூடாமல் ரத்தம் திரும்பி விழுகிற வீட்டில் இப்படிப் பள்ளம் விழும் என்பதை நினைத்து யாரும் புருவத்தை உயர்த்தவில்லை. "கீழ நம்பர் நல்லா இருக்கே" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். அண்ணன் சந்தோஷமாக வந்து சொன்னார்: "பாதி நார்மல்டா."

இன்னொன்றைச் சொல்லக் கை கூசுகிறது. ஆனாலும் மன்னர் புகழில் அதை விட்டுவிடலாகாது. ஆல்ஃபிரெட் தெ முஸ்ஸே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுக் கவிஞர் இருந்தார். நாடி துடிக்கும்போதெல்லாம் அவர் தலை மெல்ல ஆடுவதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் அவருடைய அண்ணன். வால்வு கசிகிறவர்களின் தலையாட்டத்துக்கு மருத்துவப் புத்தகங்களில் இன்றும் அந்தக் கவிஞரின் பெயர். எங்கள் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் பேப்பர் படிக்கும்போது தலை அப்படித்தான் ஆடும். ஆமாம், ஆமாம் என்று யாருக்கோ ஒப்புக்கொள்வது போல. கழுத்தின் இரண்டு பக்கமும் நாடி துள்ளும்; போட்டிருக்கும் துண்டின் ஓரம் அதோடு சேர்ந்து எழுந்து அமரும். நான் எதிரே உட்கார்ந்து காபி குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை ஞாயிறு! பாரிஸில் ஓர் உடன்பிறப்புக்குக் கிடைத்த கண் திருமுல்லைவாயிலில் இன்னொரு உடன்பிறப்புக்கு வாய்க்காதபடி காத்தவர் எம் சக்கரவர்த்தி. அவருக்கு என் நமஸ்காரம்.

அண்ணனின் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை அம்பத்தூருடையது. அதன் உள் தெருக்களில் பத்து லேத்து, இருபது லேத்து வைத்திருக்கும் பட்டறைகளில்தான் பெரிய கம்பெனிகளின் வண்டிகளுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைசலாகின்றன. அண்ணனிடம் ஒரு வெர்னியர் உண்டு. சொந்தமாக வாங்கியது, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பார். 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும். டாலரன்ஸ் தாண்டிய ஜாபை முதலாளியே கெஞ்சினாலும் பாஸ் பண்ண மாட்டார். சிவப்புப் பெயின்ட்டை வைத்து ரிஜெக்ட் தொட்டியில் போட்டுவிடுவார். இப்பேர்ப்பட்ட அளவுகாரனையே அளக்கப்படாமல் காப்பாற்றிய சாதுரியத்தை என்னவென்று பாடுவது? வருடத்துக்கு ஒருமுறை பட்டறையில் மருத்துவ முகாம் நடக்கும். வரிசையில் நிற்பார்கள். உயரம், எடை, கண், சர்க்கரை. சட்டைக்கு மேலே ஒரு பார்வை. "ஃபிட்." கையெழுத்து. அடுத்த ஆள். எக்கோ எடுத்தால் வால்வையும் குழாயையும் கால் மணி நேரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். அது பேக்கேஜில் இல்லை, தனிக்காசு. "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். மன்னரின் திருமந்திரம் அவர் வாயிலும் ஏறியிருந்தது.

காசு என்றதும் மன்னரின் நகர அமைப்பைச் சொல்லாமல் போக முடியாது. எஸ்டேட்டில் மாதம் 21,000 ரூபாய்வரை வாங்குகிறவருக்குத் தொழிலாளர் காப்பீடு உண்டு. அந்த உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து அங்கேயே நிற்கிறது. வருடத்துக்கு 1,20,000-க்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீடு உண்டு. இந்த இரண்டு மாளிகைக்கும் நடுவில் ஒரு சந்து ஓடுகிறது. மாதம் 22,000, 25,000 வாங்கும் டர்னர், ஃபிட்டர், சூப்பர்வைசர் எல்லாரும் அதில்தான் நிற்கிறார்கள். இன்கிரிமென்ட் வந்த அன்று ஸ்வீட் கொடுத்துவிட்டு அந்தச் சந்துக்குள் நடந்து வந்தவர்கள் பலர். மன்னருக்கு மிகவும் விசுவாசமான சேனை அங்கேதான் தங்கியிருக்கிறது.

2024 செப்டம்பர் 30 இரவு. ரஜினிகாந்த் கிரீம்ஸ் சாலை அப்போலோவில் சேர்ந்தார் என்று செய்தி. மறுநாள் மருத்துவமனை அறிக்கை சொன்னது: இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயில் வீக்கம், மருத்துவர் சாய் சதீஷ் நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியே ஸ்டென்ட் வைத்து அதை அடைத்துவிட்டார். அந்த ஒரு பகல் முழுவதும் தமிழ்நாடே அயோர்ட்டா, அயோர்ட்டா என்று உச்சரித்தது. டீக்கடையில் படம் வரைந்து விளக்கினார்கள். அண்ணன் பத்து வயதிலிருந்து ரஜினி ரசிகர். வேலைக்குப் போகாமல் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போய், தலைவர் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று தேங்காய் உடைத்தார். வரிசையில் நிற்கும்போது மூச்சு வாங்கியதாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். தலைவர் நல்லபடியாக வீடு திரும்பினார். தமிழ்நாடு அந்தச் சொல்லை நல்லபடியாக மறந்தது. ஒரு மனிதன், தன் நெஞ்சில் வீங்கியிருக்கும் அதே குழாயோடு, இன்னொருவரின் குழாய்க்காகக் கற்பூரம் ஏற்றுகிறான்; அவனுக்கும் தெரியாது, அர்ச்சகருக்கும் தெரியாது, வீட்டில் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்ட எங்களுக்கும் தெரியாது. இத்தனை நுட்பமான காட்சியை அமைக்க வேறு எந்த அரசனால் ஆகும்?

பகைவர் கோட்டைகள் இல்லாத நாட்டை ஆள்வது பெருமையா? எம் மன்னர் ஆள்வது எதிரிகளின் கோட்டைகளுக்கு நட்ட நடுவில். பக்கத்துப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன். 2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குக் கொண்டுபோன கதை ஊரறியும். போலீஸ் வழிவிட, சிக்னல் எல்லாம் பச்சையாக, 11 நிமிடம். ஒரு முழு இதயமே 11 நிமிடத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. இங்கிருந்த ஓர் இதயத்தின் சத்தம் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தில் இருக்கும் காதுக்குப் போய்ச்சேர இருபது வருடம் பிடித்தது. மேசையின் அகலம் இரண்டரை அடி. இதைவிடப் பெரிய வெற்றியைக் கல்வெட்டில் பொறிக்க முடியாது.

இத்தனையையும் அரை நிமிடத்தில் கெடுத்த துரோகியைப் பற்றி இனி எழுத வேண்டும். அண்ணனுக்குக் கடைவாய்ப் பல் வலி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். பிடுங்குவதற்கு முன் பிரஷர் பார்த்தார்கள். ஃபிட்னஸ் வாங்கி வாருங்கள் என்று பக்கத்து மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்னப் பெண். படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. அண்ணன் பழக்கத்தில், சட்டையோடு நின்று கையை நீட்டினார்.

"சட்டையக் கழட்டுங்க சார்."

அண்ணன் திகைத்தார். பல் வலிக்கு எதற்குச் சட்டை?

"முன்னால சாஞ்சு உக்காருங்க. மூச்ச முழுசா வெளிய விடுங்க. அப்படியே நிறுத்துங்க."

நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் குழாயை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியும் மூச்சை விடச் சொன்னாள். பிறகு அவர் கையைத் தூக்கிப் பிடித்து நாடி பார்த்தாள். நகத்தை லேசாக அழுத்தி, அதன் சிவப்பு வந்து வந்து போவதைப் பார்த்தாள். ராஜ்யத்தின் மரியாதை எதையும் அறியாத பெண். டோக்கன் எத்தனை நிற்கிறது என்று வெளியே ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"யாராவது உங்ககிட்ட இதயத்துல சத்தம் இருக்குன்னு சொல்லியிருக்காங்களா சார்?"

"இல்லம்மா. கேஸ்னுதான் சொன்னாங்க."

அன்றே எக்கோ. மூன்றாம் நாள் சி.டி. ஸ்கேன். இரண்டிதழ் வால்வு, கடுமையான கசிவு, பெரிதாகிப்போன இதயம், அயோர்ட்டா 58 மில்லிமீட்டர். சாதாரணமாக 30, 35 இருக்கும். 55-ஐத் தொட்டாலே அறுவை என்பது பொது விதி. வால்வுக்காக எப்படியும் நெஞ்சைத் திறக்கிறார்கள் என்றால் 45-லேயே குழாயையும் மாற்றிவிடுவார்கள். கிழிந்துவிட்டால் முதல் இரண்டு நாளில் மணிக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு உயிர் என்ற கணக்கில் போகும் என்று இதய மருத்துவர் சொன்னார். 45 எந்த வருடம் கடந்தது, 50 எந்த வருடம் கடந்தது? கருமாரியம்மன் கோயில் வரிசையில் எவ்வளவு இருந்தது? இரண்டு மாடிக்கு கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து ஏறிய அன்று எவ்வளவு? எல்லாம் மன்னரின் ரகசியக் கருவூலத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அன்று ராத்திரி அண்ணன் எண்ணெய்த் துணியைப் பிரித்து வெர்னியரை எடுத்தார். ட்யூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, முதலில் 34-க்கு வைத்தார். அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் மெல்லத் தள்ளி 58-க்குக் கொண்டுவந்து ஸ்க்ரூவை இறுக்கினார். இரண்டு தாடைக்கும் நடுவில் இருந்த வெறும் காற்றைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, என்னிடம், "இத நான் என்னிக்கோ ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்டா" என்றார். அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

செய்யப்போகிற அறுவைக்கு பென்டால் என்று பெயர். ஹியூ பென்டாலும் ஆன்டனி டி போனோவும் 1968-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, இதயத்தின் வேலையை இயந்திரத்துக்கு மாற்றி, வீங்கிய குழாயையும் கெட்ட வால்வையும் சேர்த்து எடுத்துவிட்டு, நுனியில் வால்வு தைத்த டாக்ரான் துணிக்குழாயை அங்கே வைத்துத் தைப்பார்கள். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு சின்னக் குழாய்களைப் பித்தான் மாதிரி வெட்டியெடுத்து, புதுக் குழாயில் ஓட்டை போட்டுப் பொருத்த வேண்டும். அந்தத் துணிக்குழாய்களை ஐம்பதுகளில் வீட்டுத் தையல் மிஷினில் தைத்துப் பார்த்தவர் அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கி. எம் மன்னரின் புகழ் கடல் கடந்தது என்பதற்கு அவரே சாட்சி. உலகத்துக்கு அயோர்ட்டா அறுவையைக் கற்றுக்கொடுத்த அந்த மனிதருக்கு 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அயோர்ட்டா கிழிந்தது. என்னவென்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் அறுவைக்கு ஆட்பட்டது பிப்ரவரியில். பிழைத்து 2008 வரை இருந்தார். டிபேக்கியின் வீட்டிலேயே சில வாரம் விருந்தாளியாகத் தங்கிய மன்னருக்குத் திருமுல்லைவாயில் எம்மாத்திரம்!

இதய மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் ஓடும். கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை எக்கோ எடுத்துவிடுங்கள். அண்ணனுக்கு ஒரே பெண், கல்லூரி இரண்டாம் வருடம். செய்தி கேட்டுப் பார்க்க வந்த உறவினர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி மன்னரின் சார்பில் தூது சொன்னார்கள்: "பொண்ணுக்கு இப்ப எதுக்கு? ஏதாவது இருக்குன்னு ரிப்போர்ட்ல வந்துட்டா நாளைக்கு வரன் பாக்கறது எப்படி? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." எவ்வளவு தீர்க்கதரிசனம்! ஒரு தலைமுறை முடியும் முன்பே அடுத்த தலைமுறைக்குப் பட்டாபிஷேகத்துக்கு நாள் குறிக்கும் ராஜதந்திரம். ஆனால் அண்ணி அவர்கள் படி இறங்கும்வரை பொறுத்திருந்து, மறுநாள் காலை ஏழு மணிக்கே பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாள். மூன்று இதழ், குழாய் 27. நானும் போய் எடுத்துக்கொண்டேன், மூன்று இதழ். எங்கள் குடும்பத்தில் மன்னருக்கு நேர்ந்த இந்த இரண்டு பின்னடைவுக்கும் அடியேன் வருத்தம் தெரிவிக்கக் கடமைப்பட்டவன்.

வருகிற வியாழக்கிழமை அறுவை. திசு வால்வா, மெக்கானிக்கல் வால்வா என்று நேற்று கேட்டார்கள். திசு என்றால் பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டி வரலாம். மெக்கானிக்கல் என்றால் ஆயுளுக்கும் ஆசிட்ரோம் மாத்திரை, ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை, கீரையைக்கூட ஒரு நாள் நிறைய ஒரு நாள் இல்லாமல் என்று சாப்பிடக் கூடாது. அளவு மாறக் கூடாது. அண்ணன் இரண்டாவதைக் கேட்டார்.

"என்ன மெட்டீரியல் சார்?"

"இதழ் கார்பன். பைரோலிட்டிக் கார்பன்."

"தேயுமா?"

"உங்க ஆயுசுக்குத் தேயாது."

அண்ணன் தலையசைத்தார். அவராக அசைத்தாரா, துடிப்பு அசைத்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அண்ணி முதல்தடவையாக வாயைத் திறந்து, "சத்தம் வருமாங்க டாக்டர்?" என்றாள்.

"வரும்மா. கடிகாரம் மாதிரி டிக் டிக்குன்னு. ராத்திரி அமைதியா இருந்தா பக்கத்துல படுத்திருக்கவங்களுக்கே கேக்கும். சிலர் தூக்கம் வரலன்னு சொல்வாங்க, போகப் போகப் பழகிடும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படுக்கையறைச் சுவரில் பதினெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றி, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினாள்.